சடைநாய்க்கு வைத்த நேர்த்தி

எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்றாலும் அந்தச் செய்தி என் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் காதுக்குப் போய்விடக் கூடாது என்று வீட்டுக்காரர் கவனமாக இருப்பார்கள். அவர் கெட்டவர் என்பதால் அல்ல. கேட்ட இடத்திலேயே கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு ஒரு நேர்த்தி வைத்துவிடுவார். வைப்பது அவர். நிறைவேற்றுவது மற்றவர்கள்.

எனக்கு வலது கண்ணில் வெண்புரை எடுத்தது கொரோனா முடக்கம் தளர்ந்த வருஷம், ஆவணி மாதம். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த கிழமைக்குள் ஒரு சரை கற்கண்டோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். கண் தெரிகிறதா என்று கேட்டார். நல்லாகத் தெரிகிறது என்றேன். அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது.

"அப்ப வாற வெள்ளிக்கிழமை பிரதட்டை அடிக்கவேணும் அண்ணை. முருகனுக்குச் சொல்லிப்போட்டன்."

"ஆர் அடிக்கிறது?"

"கண் ஆரின்ரை?"

நான் அறுபதைத் தாண்டியவன். கந்தோரில் கதிரையோடு கதிரையாக இருந்து ஓய்வு பெற்றவன். கோயில் வீதியில் உருண்டு பழக்கமில்லை. தலையைக் குனியவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருப்பதாக என் மனைவி குறுக்கிட்டார். அவர் அதை நியாயமென்று ஏற்றுக்கொண்டு தவணை கொடுத்தார். தள்ளுபடி கொடுக்கவில்லை. அடுத்த மாதமா அதற்கு அடுத்த மாதமா என்று இப்போது யோசிக்கிறேன். ஐப்பசிதான், வெளிவீதி மழையில் நனைந்திருந்தது. நான் உருண்டேன். அவர் பக்கத்திலேயே நடந்து வந்து, என் முதுகில் குத்தக்கூடிய கற்களையெல்லாம் முன்கூட்டியே காலால் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு சுற்று முடிவதற்குள் அந்தப் பெண்மணி மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. அவ்வளவு அக்கறை.

இன்னொரு முறை எங்கள் வீட்டுச் சேவலைக் கேட்டு வந்தார். ஒழுங்கைக்குக் கரண்ட் இல்லாமல் இரண்டு நாள் கிடந்தபோது, கரண்ட் வந்தால் கோயிலுக்கு ஒரு சேவல் விடுவதாகச் சொல்லியிருந்தாராம். அவர் வீட்டில் சேவல் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது. அதில் அவருக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் அவர் முன்னால் யாரும் சிரிப்பதில்லை; காரணம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய கணவர் கொழும்புக்கு வெங்காய லொறி ஓட்டியவர். ஒரு பங்குனியில் லொறியின் மேல் நின்று மூட்டைகளை மூடிப் படங்கு கட்டும்போது விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மனிதர் எழும்பி நடந்தால் அந்த வருஷத் திருவிழாவில் காவடி எடுப்பார் என்று இவர் நேர்த்தி வைத்தார். மனிதர் எழும்பி நடந்தார். திருவிழா வந்தபோது, காவடியோடு ஆடினால் பூட்டின இடுப்பு திரும்பக் கழன்றுபோகும், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று பகிடியாகச் சொல்லிவிட்டார். மார்கழியில், திருவெம்பாவை நாட்களுக்குள், லொறியின் சுக்கானில் தலை சாய்ந்தபடி இருந்தவரை வீதியால் போனவர்கள்தான் கண்டார்கள். மாரடைப்பு என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். மகன் அப்போது நாலாம் வகுப்பு.

"சொன்னது செய்யேல்லை அக்கா. அவ்வளவுதான்." கிணற்றடியில் வைத்து என் மனைவியிடம் அவர் ஒருமுறை சொன்னது இதுதான். அதற்குப் பிறகு அந்தக் கதையைத் திரும்ப எடுத்ததில்லை.

நாயைக் கொண்டுவந்தவன் மகன். கொழும்பில் கூட்டாளி ஒருவன் கொடுத்த குட்டியைத் தலைக்கவசத்துக்குள் வைத்து ரயிலில் கொண்டுவந்தான். ஜிம்மி என்று பெயர் வைத்தான். இந்த ஊர் வெயிலுக்கென்று பிறந்த பிராணி அல்ல அது. தேன் நிறத்தில் முதுகெல்லாம் முடி, நெஞ்சில் வெள்ளை, இரண்டாம் வருஷம் நடக்கும்போது வயிற்று முடி செம்மண்ணைக் கூட்டிக்கொண்டு போனது. ஒழுங்கைப் பிள்ளைகள் அதைச் சடைநாய் என்றார்கள். சித்திரை பிறந்தவுடன் மகன் மாமரத்துக்குக் கீழே ஒரு பலகையைப் போட்டு, நாயை ஏற்றி, மெஷினால் முழுவதையும் வழித்துவிடுவான். நாய் வெட்கப்பட்டதுபோல ஒரு நாள் கட்டிலுக்கடியில் கிடக்கும். பிறகு குட்டி போலத் துள்ளும். மாரி வரும்போது முடி திரும்ப வளர்ந்திருக்கும்.

மகன் வெளிநாடு போக வெளிக்கிட்டது பொங்கல் கழிந்த கிழமை. ஏஜென்சிக்காரன் சொன்ன வழி. முதலில் விமானம், பிறகு என்னவென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. விடியப்புறம் வான் வந்து நின்றது. நாங்கள் வழியனுப்பப் படலையடியில் நின்றோம். அவன் குந்தியிருந்து நாயின் கழுத்து முடிக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"நீ போய்ச் சேர்ந்து கதைக்குமட்டும் இதின்ரை ஒரு மயிரும் வெட்டுப்படாது தம்பி. முருகனுக்குச் சொல்லிப்போட்டன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அம்மா, சித்திரை வெயிலுக்கை உது அவிஞ்சு செத்துப்போம்."

"சாகாது. நான் பாப்பன்."

வேறு எதையாவது வைத்து நேர்த்தி வைத்திருக்கலாமே என்று என் மனைவி பிறகு கேட்டிருக்கிறார். மகன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானோ அதைத்தான் கொடுக்க வேண்டும், வேறு எதைக் கொடுத்தாலும் கடவுள் திரும்பியும் பார்க்கமாட்டார் என்று பதில் வந்ததாம்.

பார்ப்பேன் என்று சொன்னதை அவர் பார்த்தார். அதை நான் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நாள் தவறாமல் கண்டேன். வெயில் தாழ்ந்தவுடன் அதே மாமரம், அதே பலகை. ஒரு இரும்புச் சீப்பு, ஒரு பேன்சீப்பு, சிரட்டையில் தேங்காயெண்ணெய், உண்ணி பிடுங்கிப் போட மண்ணெண்ணெய் விட்ட வெறும் மீன்ரின் தகரம். பின்னங்காலில் தொடங்குவார். இடது கையால் முடியை வகிடு எடுப்பதுபோல் மேலே தூக்கிப் பிடித்து, கீழே தெரிகிற தோலைப் பார்த்துவிட்டு, ஒரு வரிசை இறக்கிச் சீவுவார். பிறகு அடுத்த வரிசை. ஒட்டுப்புல் விதை அகப்பட்டால் சீப்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு விரலால் எடுப்பார். காதுக்குப் பின்னாலும் கக்கத்திலும் முடி பஞ்சு போல இருக்கும், அங்கேதான் சிக்கு விழும் என்று அந்த இடத்தில் நேரமெடுப்பார். நாய் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். மத்தியானங்களில் அதைக் கிணற்றடி ஈரமண்ணில் படுக்கவைத்து நனைந்த சாக்கைப் பக்கத்தில் விரிப்பார். சித்திரை வெயிலில் அந்த நாய் உயிரோடு இருந்தது முழுக்க அவருடைய உழைப்பு.

அந்த நேரங்களில் மகனுடைய பயணத்தை நாய்க்குச் சொல்லுவார். எந்த நாட்டில் நிற்கிறான், எத்தனை பேர் ஒரு அறையில், சோறு கிடைக்கிறதா. வாரத்துக்கு இரண்டு தரமாவது அழைப்பு வந்துகொண்டிருந்தது. சித்திரைக் கடைசியில் ஒரு நாள், நாளைக்கு நடக்கத் தொடங்குகிறோம், காட்டுவழி, போனை வாங்கிவைத்துவிடுவார்கள், பயப்பட வேண்டாம் என்று சொன்னான். அதுதான் கடைசி.

வைகாசி முழுவதும் ஒரு சத்தமும் இல்லை. ஏஜென்சிக்காரனின் தொலைபேசி முதலில் அடித்தது, பிறகு அடிக்கவில்லை. அவர் பலகையில் நாயை ஏற்றுவார். சீப்பு கையில் இருக்கும். மடியில் போன் இருக்கும். சீப்பு ஒரே இடத்தில் நிற்கும். பிறகு பலகைக்கு வராத நாட்கள் வந்தன. என் மனைவி தான் சீவிவிடுவதாகக் கேட்டார். வேண்டாம், வேறு கை பட்டு முடி அறுந்தால் என்ன செய்வது என்று மறுத்துவிட்டார்.

பிழை நடந்தது வைகாசி விசாகத்தன்று. கோயிலுக்குப் போக முதல் வீடு கழுவினார். நாய் மணக்கிறது என்று அதையும் கிணற்றடிக்கு இழுத்துவந்து சவர்க்காரம் போட்டுத் தோய வார்த்தார். சடைநாயைச் சிக்கெடுக்காமல் நனைக்கக் கூடாது. அதை எங்களுக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். நனைந்த சிக்கு காயும்போது இறுகும். பிறகு சீப்பு இறங்காது. அன்றைக்கு அவருக்கு அது நினைவு வரவில்லை. குளிக்கவார்த்து, வெயிலில் கட்டிவிட்டு, கோயிலுக்குப் போய் மத்தியானப் பூசை முடித்துத்தான் திரும்பினார். பின்னேரம் அவர் கையை வைத்துப் பார்த்தபோது காதுகளுக்குப் பின்னாலிருந்து கழுத்து வரை முடி சாக்குத்துண்டு போலத் தடித்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் தினமும் முயன்றதை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லமாட்டேன். நாய் உறுமும் சத்தம்தான் வேலியைத் தாண்டி வந்தது. ஆனி பிறந்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்த நேரம், "அக்கா, அண்ணையையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா வாங்கோ" என்று வேலிக்கு மேலால் கூப்பிட்டார். குரலில் ஒரு மாற்றமும் இருக்கவில்லை. போனோம்.

நாய் விறாந்தையில் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றார். கிட்டப் போனவுடன் மணம் வந்தது. மொய்த்த இலையான்கள் அதன் இடது காதுப் பக்கத்தை விட்டு விலகவில்லை. பழைய சேலையைக் கிழித்து வாயைக் கட்டினார். நான் துவாயால் தலையைப் பிடித்தேன், என் மனைவி பின்பக்கத்தை. அவர் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, முகப்பவுடரைத் தூவி, கொண்டை ஊசியால் சிக்கை ஒவ்வொரு இழையாக விடுவிக்கத் தொடங்கினார். ஒரு சின்ன முடிச்சு விட்டுக்கொடுத்தது. இன்னொன்றும் விட்டது. அவர் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது. இப்படியே போனால் இருட்டுவதற்குள் தோலைக் கண்டுவிடலாம் என்று நானும் நம்பத் தொடங்கினேன். மூன்றாவது முடிச்சில் ஊசி எதிலோ பட்டது. நாய் கத்திய கத்தலில் வாய்க்கட்டு நழுவியது. அவருடைய பெருவிரலின் அடியில் பல் இறங்கியது. அவர் கையை இழுக்கவில்லை. நாயாகவே விடும்வரை அப்படியே வைத்திருந்தார்.

அந்த இழுபறியில் சடை ஒரு ஓரத்தில் கொஞ்சம் எழும்பியிருந்தது. என் மனைவி குனிந்து பார்த்தார்.

"பிள்ளை, புழு வைச்சிட்டுது" என்றார்.

மிருக வைத்தியருக்கு நான்தான் அழைத்தேன். இளம் பெண், ஞாயிற்றுக்கிழமையென்று பாராமல் ஸ்கூட்டரில் வந்தார். முதலில் கடிபட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னார். நாய்க்கு விசர்த் தடுப்பூசி போட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு, நீங்களும் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். பிறகு நாயின் கழுத்தை விரலால் அமத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"இது தோலோடை ஒட்டிப்போச்சு அம்மா. உள்ளுக்கை எவ்வளவு தூரம் போயிருக்கெண்டு வழிச்சால்தான் தெரியும். காதுக்குள்ளை இறங்கிட்டுதெண்டால் என்னாலை ஒண்டும் செய்யேலாது."

"வெட்டாமல் மருந்து விடேலாதோ?"

"ஏலாது."

நேர்த்தியைப் பற்றி என் மனைவி சுருக்கமாகச் சொன்னார். வைத்தியர் பொறுமையாகக் கேட்டார். கத்தரி படக்கூடாது என்றால் மெஷினால் வழிக்கலாமே என்று ஒரு வழி காட்டினார்.

"கத்தரி எண்டு நான் சொல்லேல்லைப் பிள்ளை. ஒரு மயிரும் வெட்டுப்படாதெண்டுதான் சொன்னனான்."

வைத்தியரின் போன் அடித்தது. ஏழாலையில் ஒரு பசு கன்று போட முடியாமல் நிற்கிறது. வாறன் என்று சொல்லிவிட்டு, இங்கே பார்த்தார். "கோவிக்காதேங்கோ அம்மா. நான் இப்ப போனால் நாளைக்குக் காலமைதான் வரலாம். அதுமட்டும் இது தாங்காது."

அவர் வைத்தியரை விட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் எவ்வளவோ புத்தகம் வாசிக்கிறனீங்கள். வைச்ச நேர்த்தியை மாத்தலாமெண்டு எங்கையேன் எழுதிக் கிடக்கோ?"

தலபுராணங்கள் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். கடவுளோடு வழக்காடியவர்கள் அவற்றில் இருக்கிறார்கள். ஆனால் அவர் கேட்டது எதிலும் இல்லை. நான் வாசித்ததில் இல்லை என்றேன். ஐயரைக் கேட்டுப் பார்க்கலாமே என்றும் சொன்னேன்.

"ஐயர் பரிகாரம் சொல்லுவார். பரிகாரம் பிழைச்சால் போறது அவரின்ரை பிள்ளையோ?"

 அவர் சீமெந்துத் தரையில் இருந்துகொண்டு, நாயின் முகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கடித்த வாய் அது. அவர் கையில் சுற்றியிருந்த துணியில் இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. நாய் அதை நக்கப் பார்த்தது.

"அவனோ நீயோ எண்டு என்னைக் கேக்கினம்" என்று அதனிடம் சொன்னார்.

 வைத்தியர் ஸ்கூட்டர்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அந்தச் சத்தம் கேட்டு அவர் நாயின் தலையை மெதுவாகத் தரையில் வைத்து எழும்பி, வீட்டுக்குள் போனார். சாமியறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவருடைய தலைமுடியை நான் அவிழ்ந்தபடி கண்டதில்லை. இடுப்புக்குக் கீழே விழுந்தது; நரைத்திருந்தது, அடர்த்தி குறையவில்லை. துணி வெட்டுகிற கத்தரிக்கோலை என் மனைவியின் கையில் கொடுத்தார்.

"முதல் என்ரை. அடியோடை. பிறகு அதின்ரை."

என் மனைவி கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றார். எனக்கேலாது பிள்ளை என்றார்.

"அதின்ரை மயிருக்கு என்ரை மயிர். இது சரிவருமோ தெரியாது அக்கா. மற்ற ஆக்களின்ரை எல்லாம் குடுத்துப் பாத்திட்டன். என்ரை எண்டு இதுதான் கிடக்கு."

வைத்தியர்தான் கத்தரிக்கோலை வாங்கினார். கெதியாக இருங்கள் அம்மா, மாடு நிற்கிறது என்று மட்டும் சொன்னார். படியில் இருத்திப் பின்கழுத்தோடு வெட்டினார். முடி கனமாக விழுந்தது. மிச்சத்தை மெஷினால் வழித்தார். எல்லாம் ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்குள் முடிந்தது. அவர் கண்ணைத் திறந்துகொண்டே இருந்தார். முடிந்தவுடன் வழித்த தலையோடு திரும்பி, நாயைத் தூக்கித் தானே பலகையில் வைத்து, தானே பிடித்தார். "இப்ப செய்யுங்கோ" என்றார்.

சாக்குத்துண்டு மாதிரி இருந்தது ஒரே துண்டாகக் கழன்று வந்தது. கீழே உள்ளங்கையளவு புண். வைத்தியர் கழுவிக் கழுவி இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் வைத்தியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். காதுக் குழாய்க்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போதே புண் நின்றுவிட்டது. ஊசி போட்டார். நாய் பிழைக்கும் என்று சொல்லிவிட்டு ஏழாலைக்குப் போனார். நாய் பிழைத்தது.

ஆனால் அன்றிலிருந்து அவர் ஒழுங்கைக்கு வருவதை விட்டுவிட்டார். சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு வளவுக்குள் மட்டும் நடமாடினார். முன்பு போன் அடிக்காதபோது கவலைதான் இருந்தது. இப்போது அடிக்காத ஒவ்வொரு நாளும் அவருக்குத் தீர்ப்பு. மாற்றிக் கொடுத்தது ஏற்கப்படவில்லையோ என்ற கேள்வியை அவர் வாயால் சொல்லவில்லை. என் மனைவி சாப்பாடு கொண்டுபோனால் வாங்கி வைத்துவிட்டு, போனை ஒரு தரம் எடுத்துப் பார்ப்பார்.

ஒரு நாள் கோயிலடியில் இருக்கும் ஒரு அம்மா வெள்ளைச் சேலையோடு வந்து படலையைத் திறந்தார். கிணற்றடியில் முக்காடில்லாமல் நின்றவரை யாரோ கண்டிருக்கிறார்கள். தாய் தலையை வழித்திருக்கிறாள் என்றால் மகனுக்கு நடக்கக்கூடாதது நடந்துவிட்டது என்று ஊரில் கதை பரவியிருக்கிறது. வந்தவர் வாயில் தலைப்பை வைத்து அழத் தொடங்கினார். இவர் விறாந்தைப் படியை விட்டு இறங்கவில்லை.

"என்ரை பிள்ளை இருக்கிறான். நீங்கள் போயிட்டு வாங்கோ."

அவ்வளவுதான் சொன்னார். வந்தவர் போன பிறகு, படலைக்கு உள்ளே கொளுக்கி போட்டிருந்ததை நான் முதன்முறையாகக் கண்டேன்.

ஆடிப்பிறப்பன்று என் மனைவி கூழ் காய்ச்சினார். நாங்கள் இருவருமாகக் கொண்டுபோனோம். அவர் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்திருப்பார், போன் அடித்தது. தெரியாத இலக்கம்; படத்தோடு வருகிற அழைப்பு. கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார். என் மனைவி வாங்கினார். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு அமத்தினார்.

"அம்மா" என்றான்.

போகும்போதே கழுத்தை மூடியிருந்த தலைமுடி இப்போது தோளில் விழுந்து, தாடியோடு ஒட்டிக் கட்டி கட்டியாகத் தொங்கியது. கண்ணை வைத்துத்தான் அவன் என்று தெரிந்தது. அவர் சாப்பிட்டியோ என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றான். சுகமோ என்றார். சுகம் என்றான்.  பிறகு அவன் ஜிம்மியைக் காட்டச் சொன்னான். அவர் போனைத் திருப்பினார். மெல்லிசாக முடி முளைத்திருந்த நாய் குரல் கேட்டு எழும்பி நின்றது.

"ஆர் வழிச்சது? நீங்கள் எல்லோ நேர்த்தி வைச்சனீங்கள்?"

"அதை விடு. நீ ஏன் உப்பிடிச் சடையோடை நிக்கிறாய்? போய்ச் சேர்ந்திட்டாய்தானே. முதல் உதை வெட்டு."

அவன் ஒரு பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "இஞ்சை கத்தரி தரமாட்டினம் அம்மா. உள்ளுக்கை ஒண்டும் விடமாட்டினம்."

"உள்ளுக்கை எண்டால்?"

எல்லையில் பிடித்துவிட்டார்களாம். வேலியடித்த ஒரு முகாம். வழக்கு நடக்கும், எப்போது என்று தெரியாது. வாரத்தில் ஒரு நாள் வருகிற ஒரு பெண் தன்னுடைய போனைக் கொடுத்திருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு தரம் சொன்னான். அந்த வழக்கு நான் இதை எழுதும்வரை முடியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து அவரும் பிறகு உடுப்பிட்டியில் தமக்கையின் வீட்டுக்கு நாயோடு போய்விட்டார்.

அன்று அவன் அதைச் சொன்னபோது நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் அவர் கோயில் பக்கம் திரும்பி ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேன் பத்தியிருக்கோ?"

"ஓம்."

"கழுத்திலை புண் கிண் இருக்கோ? திருப்பிக் காட்டு."

திருப்பிக் காட்டினான். புண் இல்லை. சிவந்திருந்தது.

"அப்ப விரலாலை கோதி எடுத்துப்போட்டுப் பின்னிக் கட்டு. பின்னினால் கட்டி பிடிக்காது."

"எனக்கு ஆர் பின்னப் பழக்கினது?" என்று சிரித்தான். "சரி, காட்டுங்கோ. உங்கடையிலை காட்டுங்கோ பாப்பம்."

அவருடைய கை முக்காட்டின் ஓரத்தில் நின்றது. பிறகு போனை என்னிடம் நீட்டினார். "அண்ணை, கை தெரியிற மாதிரிப் பிடியுங்கோ" என்றார். என் மனைவியைப் படியில் தனக்கு முன்னால் இருத்தி, கொண்டையை அவிழ்த்து, முடியை மூன்றாகப் பிரித்தார். பெருவிரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. அதை விலத்திப் பிடித்துக்கொண்டு பின்னத் தொடங்கினார். அங்கே அவனும் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்த் தடவினான்.

"அது மாமியின்ரை எல்லோ. உங்கடைக்கு என்ன? ஏன் முக்காடு?"

"தடிமன், மூக்கடைப்பு."

"அம்மா, முக்காட்டை எடுங்கோ."

அவர் பின்னுவதை நிறுத்தவில்லை.

"கையைப் பார் தம்பி. கையை மட்டும் பார். இப்ப நடுவிலை கிடக்கிறதைப் பிடி. விட்டிடாதை."